யோபு புத்தகத்துல 42 அதிகாரம் இருக்கு ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, அன்பான கடவுள் ஏன் கஷ்டத்தையும் தீமையையும் விட்டு வச்சிருக்கார்னு முழுப்பக்க கட்டுரை ஒண்ணு போட்டிருந்தீங்க. ரெண்டு தடவ படிச்சேன். மடிச்சு ஷெல்ஃப் மேல வச்சேன், வச்சும் மனசு கேக்கல, மூணு நாளா அந்தப் பக்கம் போறப்பலாம் கண்ணுல படுது, சரி எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். எழுதினவர் நல்ல மனுஷனாத்தான் இருப்பார், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அவர் மூணு காரணம் சொல்றார், பாவத்துக்கு தண்டனை, இல்லன்னா விசுவாசத்துக்கு சோதனை, அதுவும் இல்லன்னா நமக்கு புரியாத ஏதோ ஒரு பெரிய நன்மைக்கான திட்டம்னு, உலகத்துல உள்ள அத்தன கஷ்டத்தையும் இந்த மூணு டப்பாவுல போட்டு மூடிட்டு கடைசில "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்"னு யோபு வசனத்த போட்டு முடிச்சிட்டார்.

அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. நான் வேதாகமக் கல்லூரி வாசப்படி மிதிச்சவன் இல்ல. ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரில 31 வருஷம் செருப்பு தச்சவன், அவ்வளவுதான். ஆனா யோபு புத்தகத்த முழுசா படிச்சிருக்கேன், ஒரு தடவ இல்ல, அதுக்கு காரணம் பின்னால சொல்றேன். அந்த வசனம், நீதிமானான யோபு ஒரே நாள்ல சொத்தையும் பத்துப் புள்ளைங்களையும் பறிகொடுத்த உடனே சொல்றது, முதல் அதிகாரம் 21-ஆம் வசனம். புத்தகம் 42 அதிகாரம் ஐயா. மூணாவது அதிகாரத்துலயே அதே யோபு வாயத் திறந்து தான் பொறந்த நாளையே சபிக்கிறார், நான் ஏன் கர்ப்பத்துலயே சாகலன்னு கேக்குறார், அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு அதிகாரம் கிட்ட வாக்குவாதம், அழுகை, கோபம், கடவுள கோர்ட்டுக்கு கூப்பிடாத குறை. நம்ம ஊரு துக்க வீட்ல இதெல்லாம் யாரும் வாசிக்கறதில்ல. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல முதல் அதிகாரம், பெட்டிய மூடும்போது முதல் அதிகாரம், கல்லறைத் தோட்டத்துல குருவானவர் வாசிக்கிறது முதல் அதிகாரம். அதோட யோபு கதை முடிஞ்சிட்ட மாதிரி.

எனக்கு இது எப்ப உறைச்சதுன்னா என் தங்கச்சி மகள் செத்தப்ப. ஏழு வயசு. ரத்தப் புத்துநோய், ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலஞ்சோம், ஒரு கட்டத்துல நல்லாயிட்டு வர்ற மாதிரி இருந்துச்சு, முடிகூட திரும்ப முளைச்சிச்சு, அப்புறம் திரும்பிடுச்சு. வீட்டுக்கு வந்த ஒருத்தர் "கர்த்தர் தன்னோட தோட்டத்துக்கு அழகான பூவ பறிச்சுக்கிட்டாரு"ன்னாரு. ஒருத்தர் "உன் விசுவாசத்த சோதிக்கிறார்மா, தங்கத்த நெருப்புலதான புடம் போடுவாங்க"ன்னாரு. என் தங்கச்சி எல்லாத்துக்கும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு ஜெபக்குழுன்னு நாலஞ்சு பேரு வந்தாங்க, அதுல ஒரு அம்மா, பேரு வேண்டாம், உங்க குடும்பத்துல முன்னோர் சாபம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாரும்மா, அறிக்கை பண்ணி முறிக்கணும்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தங்கச்சி என்கிட்ட கேட்டுச்சு, "அண்ணே, நான் என்ன பண்ணேன்னு புள்ளைய எடுத்துக்கிட்டாரு?" எனக்கு பதில் வரல. ஏன்னா இதே கேள்விய ஆஸ்பத்திரில எத்தனையோ தடவ காதால கேட்டிருக்கேன், செருப்புக்கு அளவெடுக்க கால நீட்டிக்கிட்டே கேப்பாங்க, நான் என்ன பாவம் பண்ணேன்னு இப்படி ஆச்சு தம்பின்னு, நான் ஏதோ சொல்லி சமாளிச்சிருவேன். வீட்டுக்குள்ள வந்து கேக்கும்போது சமாளிக்க முடியல. அப்பதான் யோபு புத்தகத்த எடுத்து ஒக்காந்தேன்.

அந்த சாபக் கதைக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுக்கு வேதத்துலயே நேரடியா பதில் இருக்கு. எசேக்கியேல் 18-ல, பிதாக்கள் திராட்சக்காய் தின்னாங்க, பிள்ளைங்க பல்லு கூசிப்போச்சுன்னு ஒரு பழமொழிய ஜனங்க சொல்லிக்கிட்டு திரியறாங்க, இனிமே அந்தப் பழமொழிய இஸ்ரவேல்ல சொல்லவே கூடாதுன்னு கடவுள் ஆணையிட்டுச் சொல்றார். லூக்கா 13-ல சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேரு செத்த சேதி வருது, செத்தவங்க எருசலேம்ல இருந்த மத்தவங்கள விட பெரிய பாவிங்கன்னு நினைக்கிறீங்களான்னு இயேசு அவராவே கேட்டு அவராவே "அப்படியல்ல"ன்னு சொல்றார். அடுத்த வரில நீங்களும் மனந்திரும்பலன்னா கெட்டுப்போவீங்கன்னும் சொல்றார், அத நான் மறைக்கல, ஆனா அது உயிரோட நிக்கிறவனப் பாத்து சொன்னது, செத்தவன் கணக்கப் பாத்து சொன்னது இல்ல. கட்டுரையாளர் முதல் டப்பாவ தூக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்திருக்கலாம்.

யோவான் 9 இன்னும் கொஞ்சம் சிக்கல். பொறவிக் குருடன் ஒருத்தனப் பாத்து சீஷங்க கேக்கறாங்க, இவன் பாவமா இவனப் பெத்தவங்க பாவமான்னு. (பாருங்க, அவன் அங்கதான் உக்காந்திருக்கான், காது நல்லாத்தான் கேக்கும், அவன வச்சுக்கிட்டே கேக்கறாங்க. எங்க ஆஸ்பத்திரிக்கு பாக்க வர்ற கூட்டமும் அப்படித்தான், நோயாளி முன்னாடியே "இது எப்படி வருது, பாவத்துலயா?"ன்னு டாக்டர்ட்ட கேப்பாங்க.) ரெண்டும் இல்லன்னு இயேசு சொல்றார், அதுவரைக்கும் நிம்மதி. அடுத்து, தேவனோட கிரியை இவன்கிட்ட வெளிப்படறதுக்காக இப்படிப் பொறந்தான்னு நம்ம மொழிபெயர்ப்புல இருக்கு. அப்போ ஒரு நாள் அற்புதத்துக்காக ஒருத்தன அத்தன வருஷம் இருட்டுல வச்சாரான்னு எனக்கு ரொம்ப நாளா நெஞ்சுல குத்திக்கிட்டே இருந்துச்சு. எங்க சபைக்கு வந்த ஒரு குருவானவர்ட்ட கேட்டேன். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதில முற்றுப்புள்ளி, கமாலாம் பெருசா கிடையாது, அதனால சில அறிஞர்ங்க அத வேற மாதிரி பிரிச்சு படிக்கிறாங்க, "இவன் பாவமும் இல்ல, பெத்தவங்க பாவமும் இல்ல. தேவனோட கிரியை இவன்கிட்ட வெளிப்பட, பகல் இருக்கும்போதே நான் வேலை செய்யணும்"னு, அப்படின்னார். எது சரின்னு தீர்ப்பு சொல்ல எனக்கு கிரேக்கம் தெரியாது. ஆனா அடுத்து நடக்கறது ரெண்டு வாசிப்புலயும் ஒண்ணுதான், இயேசு விளக்கத்த நிறுத்திட்டு குனிஞ்சு எச்சில்ல மண்ணக் கொழப்பி அவன் கண்ணுல பூசறார்.

சரி, என் தொழில் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்த வலி சமாச்சாரத்துல எனக்கு கொஞ்சம் அனுபவம் உண்டு. தொழுநோய்ல விரல் தானா அழுகி விழுதுன்னு ஊரெல்லாம் நம்பிட்டு இருந்துச்சு, இன்னைக்கும் பாதிப் பேரு அப்படித்தான் நம்பறாங்க. அப்படி இல்லன்னு உலகத்துக்கு தெளிவா காட்டினவர்ல முக்கியமானவர் பால் பிராண்ட், 1914-ல நம்ம கொல்லிமலைல மிஷனரி வீட்ல பொறந்தவர், 1946-ல வேலூர் ஆஸ்பத்திரிக்கு டாக்டரா வந்தார். கிருமி நரம்பத்தான் கெடுக்குது, நரம்பு போனா உணர்ச்சி போயிடுது, உணர்ச்சி போனவன் கொதிக்கிற சட்டிய வெறுங்கையால இறக்கறான், செருப்புல ஆணி ஏறினது தெரியாம நாள் முழுக்க நடக்கறான், புண்ணாகுது, சீழ் பிடிக்குது, எலும்பு கரையுது. ராத்திரி தூங்கி எந்திரிச்சா விரல்ல ஒரு துண்டக் காணோம், என்னடான்னு கண்ணு முழிச்சுப் பாத்தா எலி வந்து கடிச்சிட்டுப் போகுது, வலிச்சாத்தான கைய உதறுவான். அதுக்கப்புறம் நோயாளிங்களுக்கு மருந்தோட பூனையும் குடுத்து அனுப்பினாங்களாம். நாங்க எம்சிஆர்ங்கற ரப்பர் ஷீட்ல செருப்பு செய்வோம், மெத்துன்னு இருக்கும், அதுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டணும், இல்ல தைக்கணும், சேர்ந்த முதல் நாளே எனக்கு சொல்லிக் குடுத்த பாடம் அது. நோயாளிக்கு நாங்க சொல்லிக் குடுக்கற பாடம், தினம் சாயங்காலம் உள்ளங்கால ஒரு கண்ணாடில பாருங்க, உங்க காலுக்கு வலிக்கத் தெரியாது, அதுக்குப் பதிலா உங்க கண்ணு வேலை செய்யணும்.

அதனால வலி ஒரு வரம்னு யாராவது சொன்னா நான் சிரிக்க மாட்டேன். பிராண்ட் பின்னால அமெரிக்கா கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு போயி செயற்கையா வலி உண்டாக்கப் பாத்திருக்கார். கையுறைல சென்சார் வச்சு, ரொம்ப அழுத்தினா காதுல சத்தம் வர்ற மாதிரி, அத யாரும் மதிக்கல. சரின்னு சத்தத்துக்குப் பதிலா ஷாக் அடிக்கிற மாதிரி பண்ணாங்க. அப்பவும் ஆளுங்க ஏதாவது பலமா திருக வேண்டிய வேலை வந்தா சுவிட்ச்ச அணைச்சிட்டு வேலைய முடிச்சிட்டு திரும்ப போட்டுக்கிட்டாங்களாம், கடைசில அந்தத் திட்டத்தயே விட்டுட்டார். அணைக்க முடியாத இடத்துல இருக்கறதாலதான் வலி வேலை செய்யுது. இத நான் எத்தனையோ தடவ மத்தவங்களுக்கு சொல்லியிருக்கேன், படைப்புல எவ்வளவு ஞானம் பாருங்கன்னு.

ஆனா ஐயா, இது காலுக்குள்ள ஏறின ஆணிக்கு சரியா வரும். என் தங்கச்சி மகளுக்கு எலும்புக்குள்ள வந்த வலிக்கு வராது. அந்தப் புள்ள எந்தக் கைய எதுலருந்து இழுக்கணும்? எச்சரிக்கைன்னா கேட்டு ஏதாவது செய்ய முடியணும், எங்களுக்கும் டாக்டருக்கும் சேதி என்னைக்கோ வந்து சேந்தாச்சு, அதுக்கப்புறமும் ராப்பகலா மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எந்த விளக்கத்தப் பத்தியும் எனக்கு இப்ப இருக்கற எண்ணம் இதுதான், ஒவ்வொண்ணும் கொஞ்ச தூரம் வரைக்கும் வரும், அப்புறம் நின்னுரும். கட்டுரையாளர் அது நிக்கிற இடத்த சொல்லல.

மனுஷனுக்கு கடவுள் சுதந்திரம் குடுத்தார், அவன் அத தப்பா பயன்படுத்தறான், அதான் தீமைன்னு அவர் ஒரு பத்தில சொல்லிட்டு போயிட்டாரு. என்னைக் கேட்டா அவர் அங்கதான் இன்னும் ரெண்டு பத்தி நின்னிருக்கணும். தொழுநோய்க் கிருமிக்கு சுயசித்தம் கிடையாது, 1873-ல நார்வேல ஹான்சன்னு ஒரு டாக்டர் அத மைக்ராஸ்கோப்புல கண்டுபிடிச்சார், அது பாவமும் பண்ணாது புண்ணியமும் பண்ணாது. ஆனா நான் பாத்த நோயாளிங்க பட்ட கஷ்டத்துல பாதிக்கு மேல கிருமி குடுத்தது இல்ல. 1898-ல வெள்ளக்காரன் போட்ட சட்டம், பிச்சையெடுக்கற தொழுநோயாளிய பிடிச்சு அடைச்சு வைக்கலாம்னு, அது சுதந்திர இந்தியாவுல 2016-லதான் ரத்தாச்சு. தொழுநோய்னா விவாகரத்து வாங்கலாம்னு கல்யாணச் சட்டங்கள்ல இருந்தத 2019-லதான் எடுத்தாங்க. மூணு மருந்து சேந்த கூட்டு சிகிச்சை எண்பதுகள்லயே நம்ம நாட்டுக்கு வந்துருச்சு, 2005 கடைசில நாட்டளவுல பத்தாயிரத்துக்கு ஒருத்தருக்கும் கீழ வந்துருச்சுன்னு அரசாங்கமே அறிவிச்சிருச்சு, ஆனா நோய் சுத்தமா குணமாகி சர்டிபிகேட் வாங்கின ஆள ஊருக்குள்ள சேக்கல, டீக்கடைல கிளாஸ் தனி, பஸ்ல பக்கத்து சீட்டு காலி. மகள் கல்யாணத்துக்கு அப்பா வரக்கூடாதுன்னு எழுதின லெட்டர நானே ஒருத்தருக்கு படிச்சுக் காட்டியிருக்கேன், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையெல்லாம் கடவுள் அனுமதிச்சார்னு சொல்லி கடவுள் தலைல கட்டறதுக்கு எனக்கு வாய் வரல. நாம பண்ணினது. அந்த அளவுக்கு சுயசித்தக் கணக்கு சரிதான், அதுக்கு மேல அந்தக் கணக்கு என் தங்கச்சி வீட்டுக்கு வராது.

சுனாமி சமயத்துலயும் இதே குழப்பம்தான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயித்துக்கிழமை காலைல. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல வேளாங்கண்ணி கடற்கரைல நின்ன யாத்ரீகர்ங்க நூத்துக்கணக்குல. நாங்க சபைலருந்து குளச்சல் பக்கம் பாயும் துணியும் எடுத்துட்டு போனோம். அங்க ஒருத்தர் பெருமையா சொல்லிட்டு இருந்தார், வேளாங்கண்ணில கோயிலுக்குள்ள தண்ணி போகல பாத்தீங்களா, அற்புதம்னு. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா தலையத் தூக்காமலே "அப்ப எம்புள்ளய விட்டது யாரு?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அங்க யாரும் பேசல. பூமித் தட்டு நகர்றதாலதான் மலை உண்டாகுது, நிலம் புதுசாகுது, அது இல்லன்னா உயிர் வாழற பூமியா இது இருக்காதுன்னு படிச்சவங்க சொல்றாங்க, அது உண்மையாவே இருக்கலாம், அந்த அம்மாகிட்ட போய் அத சொல்ல முடியுமா?

இது நமக்கு மட்டும் வந்த கேள்வியும் இல்ல. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், போர்ச்சுகல்ல லிஸ்பன் நகரத்துல ஜனங்கெல்லாம் கோயில்ல பூசைல இருக்கற நேரம் பூகம்பம், அப்புறம் கடல் பொங்கி வந்துச்சு, கோயில்ல ஏத்தின மெழுகுவர்த்திலருந்தும் தீப்பிடிச்சு நாள் கணக்குல எரிஞ்சிச்சு. மலகிரிதான்னு ஒரு இயேசு சபை சாமியார், இது உங்க பாவத்துக்கு கடவுள் குடுத்த தண்டனை, வீடு கட்டறத விட்டுட்டு மனந்திரும்புங்கன்னு பிரசுரம் போட்டார். மந்திரி பொம்பாலுக்கு பிணத்த அடக்கம் பண்ணி, இருக்கறவங்களுக்கு சோறு போட்டு, ஊரக் கட்டியாகணும், ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. அந்த மந்திரியும் நல்லவர் ஒண்ணும் இல்ல, 1761-ல சாமியாருக்கு மரண தண்டனை வாங்கிக் குடுத்தார், அது தனிக் கொடுமை. ஆனா சோறா பிரசங்கமான்னு கேட்டா எனக்கு எது முதல்ல வேணும்னு தெரியும்.

அகுஸ்தீனார்னு ஒரு பெரிய பிதா, நாலாம் அஞ்சாம் நூற்றாண்டு, வட ஆப்பிரிக்கா. தீமைன்னு தனியா ஒரு வஸ்து கிடையாது, கடவுள் அத உண்டாக்கல, நன்மை இருக்க வேண்டிய இடத்துல அது இல்லாம போறதுதான் தீமைன்னு சொன்னார். படிச்ச உடனே எனக்கு தேமல்தான் ஞாபகம் வந்துச்சு. தொழுநோய் தேமல் வலிக்காது, அரிக்காது, ஊசியால தொட்டா தெரியாது, அங்க எதுவும் கூடல, இருக்க வேண்டிய உணர்ச்சி இல்ல, அவ்வளவுதான், ஆனா அந்த "இல்ல" ஒரு கைய திங்கும். இந்தக் கருத்து எனக்குப் பிடிக்கும். என்ன பிரயோஜனம்னா, தீமை எங்கருந்து வந்துச்சுங்கற கேள்விக்கு அது பதில், ஏன் தடுக்கலங்கற கேள்விக்கு இல்ல.

மறுபடி யோபுகிட்ட வர்றேன். அவரோட மூணு சிநேகிதங்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார், சேதி கேட்டு வந்து ஏழு ராப்பகல் வாயத் திறக்காம அவரோட தரைல உக்காந்திருந்தாங்க. அதுவரைக்கும் அவங்கள மாதிரி சிநேகிதன் எவனும் இல்ல. வாயத் திறந்தாங்க பாருங்க, நீ பாவம் பண்ணிருப்ப, உன் புள்ளைங்க பாவம் பண்ணிருக்கும், கடவுள் சிட்சிக்கிறார், தாழ்ந்து போன்னு, உங்க கட்டுரைல உள்ள அத்தனையும் அவங்க ஏற்கனவே சொல்லிட்டாங்க, நல்ல தமிழ்லயே சொல்லிருக்காங்க. யோபு அவங்களுக்கு வைக்கிற பேரு "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது ஆறுதல் சொல்ல வந்து தொல்லை குடுக்கறவங்க. கடைசில கடவுள் வந்து, அவருக்காக வாதாடின இந்த மூணு பேர் மேலதான் கோபப்படறார், என் தாசன் யோபு பேசின மாதிரி நீங்க என்னப் பத்தி நிதானமா பேசலன்னு. கேள்வி கேட்டவன் சரியா பேசினான், கடவுளுக்கு வக்கீல் வேலை பாத்தவங்க தப்பா பேசினாங்க! இதுக்கு மேல தெளிவா வேதம் எப்படிங்க சொல்லும்.

அதே சமயம் யோபுக்கும் காரணம் சொல்லலங்கறதயும் கவனிக்கணும். முதல் ரெண்டு அதிகாரத்துல பரலோகத்துல சாத்தான் வந்து பேசினது படிக்கிற நமக்குத் தெரியும், யோபுக்கு கடைசி வரைக்கும் தெரியாது. சுழல்காத்துலருந்து கடவுள் பேசறார், நான் பூமிக்கு அஸ்திபாரம் போடும்போது நீ எங்க இருந்தன்னு ஆரம்பிச்சு காட்டுக்கழுதை, தீக்கோழி, லிவியாதான்ங்கற பெரிய கடல் மிருகம்னு நாலு அதிகாரம் போகுது, ஏன் உன் புள்ளைங்க செத்தாங்கன்னு ஒரு வரி இல்ல. எனக்கு அது முதல்ல ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. கடைசில ஆடு 7,000 இருந்தது 14,000 ஆகுது, ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆகுது, புள்ளைங்க மட்டும் பத்துக்கு பத்து. இத நான் தங்கச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினப்ப அது கேட்டது, "புதுசா பத்து சரி, அந்தப் பழைய பத்து?" பழைய காலத்து வியாக்கியானம் ஒண்ணு இருக்கு, மிருகம் தொலைஞ்சா தொலைஞ்சதுதான், அதனால ரெண்டு மடங்கா குடுத்தார், புள்ளைங்க தொலையல, தேவன்கிட்ட இருக்காங்க, அதனால மொத்தம் இருபதுன்னு. அத சொன்னேன். அது ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. நம்பிச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல.

அப்ப உன்கிட்ட என்னதான் பதில் இருக்கு, கிறிஸ்தவன்னு எதுக்கு சொல்லிக்கிறன்னு கேப்பீங்க. நியாயந்தான். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு, எங்க வேதத்துல கடவுளே அந்தக் கேள்வியக் கேக்கறார். சிலுவைல "ஏலோயீ, ஏலோயீ, லாமா சபக்தானி", என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர்னு, அது 22-ஆம் சங்கீதம். அதுக்கு மேலருந்து ஒரு சத்தமும் வரல, இயேசு ஞானஸ்நானம் எடுத்தப்ப வந்துச்சு, மலைமேல அவர் ரூபம் மாறினப்ப வந்துச்சு, இங்க வரல. உயிர்த்தெழுதல் மூணாம் நாள்தான். மொல்ட்மன்னு ஒரு ஜெர்மன் இறையியலாளர், 2024-ல காலமானார். 1943-ல ஹாம்பர்க் மேல குண்டு போட்டப்ப அவருக்கு பதினேழு வயசு, பக்கத்துல நின்ன சிநேகிதன் செதறிப்போனான், இவர் பிழைச்சார். அப்புறம் பிரிட்டிஷ்காரங்ககிட்ட போர்க் கைதியா இருக்கும்போது கைல ஒரு பைபிள் கிடைக்குது, மாற்கு சுவிசேஷத்துல இந்த சிலுவைக் கதறல படிக்கும்போதுதான் என்னப் புரிஞ்சுக்கறவர் இவர்தான்னு தோணிச்சாம். பழைய பிதாக்கள்ல ரொம்ப பேரு கடவுளோட தெய்வ சுபாவத்துக்கு வேதனை கிடையாதுன்னு சொன்னவங்க, மொல்ட்மன் அத மறுத்து, சிலுவைல கடவுளே பாடுபட்டார்னு எழுதினார். அந்த சண்டை இன்னும் தீரல. என் கட்சி மொல்ட்மன் பக்கம், காரணம் எளிது, வலிக்கவே தெரியாத காலுங்கள 31 வருஷம் பாத்தவன், வலிக்கத் தெரியாத ஒரு கடவுளப் போய் பெருமைன்னு சொல்ல எனக்கு வரல.

இன்னொண்ணும் சொல்லணும், பிராண்டோட அம்மா எவலின் கதை. 1929-ல புருஷன் ஜெஸ்ஸி கொல்லிமலைல மலேரியாவோட கடுமையான வகை, கருநீர் காய்ச்சல்னு சொல்வாங்க, அதுல செத்துட்டார். மகன் இங்கிலாந்துல படிச்சிட்டு இருக்கான், தந்தி வந்த பிறகும் அப்பா எழுதின லெட்டர் கப்பல்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தம்மா மலைய மறக்கல, மிஷன்காரங்க இடையில இடம் மாத்தினாங்க, ஓய்வு குடுத்தாங்க, எழுவது வயசு வாக்குல திரும்ப மலைக்கே வந்து 1974-ல 95 வயசுல கண்ண மூடற வரைக்கும் மலை ஜனங்களுக்காகவே உழைச்சாங்க. ஏன் கர்த்தர் என் புருஷன எடுத்தார்னு அவங்களுக்கு பதில் கிடைச்சிச்சா, எனக்குத் தெரியாது. குதிரைக்குட்டில ஏறி ஊர் ஊரா போய் மருந்து குடுத்தாங்க.

அப்புறம் 88-ஆம் சங்கீதம். புலம்பல் சங்கீதம்னா கடைசில ஒரு வரியாவது ஸ்தோத்திரம் வரும், இதுல வராது, இருட்டுலயே முடியும். பழைய ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகத்துல பெரிய வெள்ளி சாயங்காலத்துக்கு வச்சிருக்காங்க, வச்சவங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. ஆறுதல் ஆராதனைல இத ஒரு தடவயாவது வாசிக்கலாமேன்னு எங்க சபைல கேட்டேன். ஜனங்க சோர்ந்து போயிடுவாங்கன்னுட்டாங்க. சோர்ந்து போயித்தான உக்காந்திருக்காங்க!

புள்ள செத்த அன்னைக்கு வந்த கூட்டத்துல ஆஸ்பத்திரி நோயாளி ஒருத்தரும் இருந்தார், நான் மகள் கல்யாண லெட்டர் படிச்சுக் காட்டினேன்னு சொன்னேனே, அவரேதான். நான் தச்ச செருப்பப் போட்டுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கார். வீட்டுக்குள்ள வரல, யாராவது ஏதாவது சொல்லிருவாங்கன்னு நினைச்சாரோ என்னவோ, பந்தல் ஓரத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தார். சாயங்காலம் உக்காந்தவர் மறுநாள் காலைல பெட்டி எடுக்கற வரைக்கும் இருந்தார். நான் ரெண்டு தடவ டீ கொண்டு போய்க் குடுத்தேன், சூடு தெரியாதுன்னு துண்டுல சுத்திக் குடுத்தேன். ஒரு வார்த்த பேசல. தங்கச்சி இத்தன வருஷம் கழிச்சு அந்த நாளப் பத்தி எதையாவது சொன்னா அவரப் பத்திதான் சொல்லும், "அந்த தாத்தா இருந்தாருல்ல"ன்னு.

கடைசியா ஒரு திருத்தம், இத மட்டுமாவது தயவுசெஞ்சு போடுங்க. அந்தக் கட்டுரைல ரெண்டு இடத்துல "பாவம் என்னும் குஷ்டம்"னு வருது. பிரசங்கத்துலயும் இதக் கேட்டு கேட்டு பழகிட்டோம், கேக்கற கூட்டத்துல பின்னால பெஞ்சுல அந்த நோய் வந்து குணமானவங்க உக்காந்திருப்பாங்கன்னு யாருக்கும் தோணறதில்ல. நோய்க்குப் பேரு தொழுநோய், ஆறு மாசமோ ஒரு வருஷமோ மாத்திரை, அரசு ஆஸ்பத்திரில இலவசம். பாவத்துக்கு வேற உதாரணம் தேடிக்கச் சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
திருநெல்வேலி மாவட்டம்